சந்தைப் பெட்டை வந்ததிலிருந்து பட்டியில் இழுப்புச் சத்தம்: வெறும் சளியா, ஒட்டுவாரொட்டியா?

சென்னிமலைத் தோட்டம் | புதன், இரவு 10:20

வணக்கமுங்க. இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி. இன்றைக்குத்தான் எழுத வேண்டிய நிலைமை.

தோட்டத்து வீட்டுச் சாளையில் நாட்டுக்கோழி வைத்திருக்கிறோம். சேவல் 2, முட்டைப் பெட்டை 13, மீதி விடலையும் குஞ்சும், ஆக மொத்தம் 29. எல்லாம் எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) காலத்திலிருந்து வழிவழியாக வரும் சிறுவிடை இனம். தீபாவளி முடிந்து சந்தைக்குப் போனபோது செவலைப் பெட்டை ஜோடியாகக் கிடைத்தது. கொண்டை சிவந்து, இறகு மின்னிக்கொண்டு, பார்க்கவே அழகு. வாங்கி வந்த அன்று ராத்திரியே மற்றதோடு சேர்த்து அடைத்துவிட்டேன். இன்றோடு 12 நாள்.

நேற்று ராத்திரி கதவு சாத்தப் போனபோது உள்ளே ஒரு சத்தம். கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டால் மோட்டார் காற்றை இழுத்துக் களகளவென்று ஒரு சத்தம் போடுமே, அதே மாதிரி. முதலில் ஒரு கோழியிடமிருந்து, காது கொடுத்துக் கேட்டால் மூன்று நான்கிடமிருந்து. காலையில் பார்த்தால் சந்தைப் பெட்டையில் ஒன்றுக்கு இடது கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ். எங்கள் பெட்டைகளில் இரண்டுக்கு மூக்குத் துளையில் தவிட்டுத்தூள் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. அடிக்கடி தும்மல். தினம் 8 முட்டை எடுத்த இடத்தில் நேற்று 4.

சாவு இதுவரை இல்லை. தீனி கொஞ்சம் குறைவுதான், ஆனால் எடுக்கிறது. வீட்டில் கற்பூரவல்லிச் சாறு கொடுத்தார்கள். மாமனார், "செத்தால் காசு போச்சு, நாளைக்கே கறிக்கடைக்குத் தள்ளிவிடுங்க மாப்பிள்ளை" என்கிறார். முதலில் என்ன செய்யட்டும்?

பெருவிடைப் பிரியன் | புதன், இரவு 10:41

இது மழைச் சளிங்க. மெடிக்கலில் என்ரோ என்ற ஆன்டிபயாட்டிக் கேட்டால் கொடுப்பார்கள், தண்ணீரில் கலந்து 3 நாள் விடுங்கள். கூடவே சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுங்கள். என் சேவல்களுக்கு வருடா வருடம் இதுதான். பயப்பட ஒன்றுமில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | வியாழன், காலை 5:50

தம்பி, மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் பட்டியில் செலவழியுங்கள். கால்நடைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சளி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் நாலைந்து நோய் இருக்கிறது. ஒன்றுக்கு மருந்து கேட்கும், ஒன்றுக்கு எந்த மருந்தும் கேட்காது.

முதலில் சீக்குக் கோழி ஒன்றைப் பிடித்து மூக்கருகில் முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை குப்பென்று அடித்து, கண்ணுக்குக் கீழே முகம் பலூன் மாதிரி வீங்கியிருந்தால் கொரைசா. அது பாக்டீரியா. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒன்று முதல் மூன்று நாளில் தாவிவிடும். இந்நேரம் பாதிப் பட்டி வீங்கியிருக்க வேண்டும்.

வாடை இல்லை, கண்ணில் நுரை, ராத்திரியில் இழுப்பு, நாளுக்கு ஒன்று இரண்டாக மெல்லப் பரவுகிறது என்றால் என் சந்தேகம் சிஆர்டி என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் நாள்பட்ட சுவாச நோய் மேல்தான் போகும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி. உள்ளே போய் ஒரு வாரத்துக்கு மேல் அமைதியாக இருந்துவிட்டு அப்புறம் தலையைக் காட்டும். உங்கள் 12 நாள் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்காக அதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்கல், கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இதில் ஏதாவது இருந்தால் சந்தேகப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். 1920-களில் இமயமலைப் பக்கம் ராணிக்கெட் ஊரில் கண்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர். அது வைரஸ். வந்துவிட்டால் என்ரோவும் கேட்காது, வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. தடுப்பூசி போடாத பட்டியில் பத்துக்கு எட்டு ஒன்பது போய்விடும்.

கடைசியாக வாயைத் திறந்து தொண்டையைப் பாருங்கள். மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி ஒட்டியிருந்தால் கோழி அம்மையின் தொண்டைக்குள் வரும் வகையாக இருக்கலாம்.

பெயர் தெரியும் வரை சும்மா இருக்க வேண்டாம். சத்தம் போடும் கோழிகளையும் சந்தைப் பெட்டை இரண்டையும் இன்றே பிரியுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கடைசியில், இருபது முப்பது அடியாவது தள்ளி ஒரு கொடாப்பில் (கோழிக் கூண்டில்) வையுங்கள். தீனி, தண்ணீர் எல்லாம் முதலில் நல்ல கோழிக்கு, அப்புறம்தான் சீக்குக்கு. சீக்கைத் தொட்ட கையோடு திரும்ப வரக் கூடாது. அதற்கென்று ஒரு ஜோடிச் செருப்பு அங்கேயே கிடக்கட்டும். தண்ணீர்க் கிண்ணமும் தனி. விருந்தாளிக்குப் பிடித்துக் கொடுப்பது, அக்கம்பக்கத்துக்கு அடை முட்டை கொடுப்பது எல்லாம் நிறுத்துங்கள்.

கறிக்கடைக்கு அனுப்ப வேண்டாம். கடையில் அந்தக் கூண்டிலேயே வேறு தோட்டத்துக் கோழியும் இருக்கும். அந்த ஆள் மாலையில் வேறொரு ஊருக்குக் கோழி பிடிக்கப் போவார். உங்கள் ஊருக்கு இது எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

சென்னிமலைத் தோட்டம் | வியாழன், காலை 9:15

ஐயா, ரொம்ப நன்றிங்க. எல்லாம் பார்த்தேன். அழுகல் வாடை இல்லை. ஒரு பெட்டைக்கு மட்டும் ஒரு பக்கம் கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். எச்சம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. கழுத்து, இறக்கை நேராக இருக்கிறது. தொண்டையில் ஒன்றும் இல்லை. மொத்தம் 6 பிரித்தாயிற்று.

தடுப்பூசி விஷயத்தில் தப்பு என் மேல்தான். குஞ்சில் ஒரு தடவை கண்ணில் சொட்டு மருந்து விட்டோம். அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. பிப்ரவரி முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்திருந்தேன், அன்றைக்குக் கடலைக்காய் பறிப்பு.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். கோழி அடைக்கும் அறை 8-க்கு 6 அடி, மேலே தகரம். குளிருக்காகச் சுற்றிலும் யூரியா சாக்கு கட்டி மூடியிருக்கிறேன். கீழே தேங்காய் நார்க்கழிவு.

பல்லடம் பிராய்லர் | வியாழன், காலை 11:02

ஏனுங்ணா, அந்தச் சாக்கை முதலில் அவிழ்த்து விடுங்க. காலையில் கதவைத் திறந்த உடனே உள்ளே போய்க் குத்த வைத்து உட்காருங்கள். நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது, கோழி மூக்கு இருக்கும் உயரத்துக்கு உங்கள் மூக்கு போக வேண்டும். கண் எரிகிறதா? எரிந்தால் அது அமோனியா. ஈர நார்க்கழிவில் எச்சம் சேர்ந்து கிளம்புவது. அது மூச்சுக்குழாயின் உள் தோலைப் புண்ணாக்கிவிடும், அப்புறம் எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த வீடுதான். குளிர் கோழியைக் கொல்லாதுங்ணா. ஈரமும் மூடின காற்றும்தான் கொல்லும். தரையிலிருந்து ஓர் அடிக்கு மட்டும் மறைப்பு இருக்கட்டும், மேலே வலை போதும்.

கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் ஒரு கொட்டகைக்கு 5,000 குஞ்சு விடுகிறோம். வாசலில் கிருமிநாசினித் தொட்டி, உள்ளே போக வேறு செருப்பு, தீவன வண்டிச் சக்கரத்துக்கு மருந்துத் தெளிப்பு. பக்கத்துத் தோட்டத்தில் நாலு நாட்டுக்கோழி சீக்கில் கிடந்து, அதைக் காக்கை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வேலியில் போட்டுவிட்டுப் போகிறது. செத்ததைத் தயவுசெய்து ஓடையில் வீசாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

சென்னிமலைத் தோட்டம் | வியாழன், மதியம் 1:30

குத்த வைத்து உட்கார்ந்து பார்த்தேனுங்க. ஒரு நிமிஷம்கூட முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் நின்றுகொண்டே முட்டை பொறுக்கிவிட்டு வந்திருக்கிறேன். சாக்கை அவிழ்த்து, நார்க்கழிவை வாரித் தென்னைக்குப் போட்டாயிற்று.

கோவை மாடிவீடு | வியாழன், மதியம் 3:48

மன்னிக்கவும், நடுவில் புகுந்து கேட்கிறேன். நாங்கள் வடவள்ளியில் மாடியில் 6 கோழி வைத்திருக்கிறோம். கோழிக்குச் சளி என்று படித்ததும் என் வீட்டுக்காரர் பறவைக் காய்ச்சல் என்று பயந்து, முட்டையே வேண்டாம் என்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இந்தச் சளி மனிதர்களுக்கு வருமா?

ஆனைமலை அடிவாரம் | வியாழன், மாலை 6:25

பொள்ளாச்சிக்காரன் என்பதால் இதில் எனக்கு அனுபவம் உண்டு. கேரளாவில் பறவைக் காய்ச்சல் அடித்தால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்கு வந்தது, 2024 ஏப்ரலில் மறுபடியும் ஆலப்புழையில். இரண்டு தடவையும் வாளையாறு, கோபாலபுரம் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், கோழி, முட்டை வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

பறவைக் காய்ச்சலின் கடும் வகை இப்படிக் கொறு கொறு என்று இரண்டு வாரம் இழுத்துக்கொண்டு இருக்காது. ராத்திரி நன்றாக இருந்த கோழி காலையில் வரிசையாகக் கிடக்கும். கொண்டையும் தாடியும் நீலம் பூத்துப்போகும், தலை வீங்கும், காலில் செதில் இருக்கும் இடத்தில் ரத்தக் கட்டு தெரியும். சுற்றுவட்டாரத்தில் காக்கை, கொக்கு செத்துக் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்வது சட்டப்படியே நம் கடமை. மாதிரி போபாலில் இருக்கும் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போய்த்தான் உறுதியாகும். உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகளை அழிப்பார்கள். அந்தப் பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் ஊரே மாட்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | வியாழன், இரவு 8:10

அம்மணி, கோழிக்கு வரும் இந்த மைக்கோபிளாஸ்மாவும் கொரைசாவும் மனிதருக்கு ஒட்டுவதில்லை. ராணிக்கெட் மட்டும், கையாளுகிறவர் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து உறுத்தும், தானாகப் போய்விடும். நானே இரண்டு தடவை பட்டிருக்கிறேன். தடுப்பூசி மருந்து கண்ணில் தெறித்தாலும் அதே கதைதான்.

ஆனால் எந்தச் சீக்கு என்று தெரியாத வரைக்கும் பறவைக் காய்ச்சலை மனசில் வைத்தே நடக்க வேண்டும். மூக்கு வாய்க்கு முகக்கவசம், கைக்கு உறை, குழந்தைகள் பட்டிப் பக்கம் போகக் கூடாது. முட்டையையும் கறியையும் நன்றாக வேக வைத்துத் தின்றால் பயமில்லை, 70 டிகிரிக்கு மேல் வெந்தால் அந்த வைரஸ் நிற்காது. ஆஃப்பாயில் மட்டும் வேண்டாம். உங்கள் ஆறும் நன்றாக இருக்கிறது என்றால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

பெருவிடைப் பிரியன் | வியாழன், இரவு 9:33

ஆளாளுக்கு இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். எனக்கு 11 சேவல், ஒவ்வொன்றும் பிள்ளை மாதிரி. ஐப்பசி கார்த்திகையில் இழுப்பு வரும், மருந்து கொடுப்பேன், மூன்றாம் நாள் கூவ ஆரம்பித்துவிடும். ஆய்வகம், ரத்தம் என்று அலைந்ததே இல்லை. ஐயாவுக்குப் படிப்பு இருக்கலாம், கையில் சேவல் பிடித்தவனுக்கு அனுபவம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | வியாழன், இரவு 10:05

தம்பி, உங்கள் அனுபவத்தை நான் தள்ளவில்லை. நீங்கள் சொன்னதையே திரும்பப் படித்துப் பாருங்கள். வருடா வருடம் வருகிறது, மூன்று நாளில் போகிறது, அடுத்த மழைக்கு மறுபடியும் வருகிறது. போகவில்லை, உள்ளேயே படுத்திருக்கிறது. மைக்கோபிளாஸ்மா ஒரு தடவை ஏறினால் அந்தக் கோழியின் ஆயுளுக்கும் இறங்காது. மருந்து அதை அடக்கும், அழிக்காது. குளிர், ஈரம், தூரப் பயணம், சண்டை என்று உடம்பு தளரும்போதெல்லாம் எழுந்து வரும். உங்கள் சேவலை இணை சேர்க்கக் கேட்டு ஆள் வருவார்கள்தானே? பொங்கல் சமயத்தில் பூலாம்வலசு சேவல்கட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்தானே?

பெட்டைக்கு ஏறினால் இன்னும் சிக்கல். முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும். குஞ்சு ஓட்டை உடைக்கும்போதே சீக்கோடு வரும்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் கேட்டுப் பென்சிலின் வகை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த வகை கிருமியின் செல் சுவரை உடைத்துக் கொல்வது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எதை வைத்து உடைப்பது? அப்புறம், பழைய டப்பாவில் கொலிஸ்டின் கலந்த பொடி இருந்தால் தூக்கிப் போடுங்கள். உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2019-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது.

பெருவிடைப் பிரியன் | வியாழன், இரவு 10:19

சண்டைச் சேவல் விஷயத்தை இங்கே இழுக்க வேண்டாமுங்க.

சென்னிமலைத் தோட்டம் | சனி, காலை 6:30

விடியற்காலை ஒரு விடலைப் பெட்டை போய்விட்டது. பிரித்து வைத்ததில் ஒன்று. நேற்று மாலை வரை தண்ணீர் குடித்தது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, கொடாப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஐயா, இப்போது புதைத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | சனி, காலை 6:38

புதைக்காதீர்கள். இரண்டு பாலித்தீன் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அதற்குள் வையுங்கள். ஃப்ரீசரில் போட வேண்டாம், உறைந்து உருகினால் உறுப்பெல்லாம் கூழாகிவிடும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. உயிரோடு இருப்பதில் நன்றாகச் சீக்குத் தெரிகிற ஒன்றையும், முடிந்தால் அந்த நுரைக்கண் பெட்டையையே, தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் ஊர் மருந்தக டாக்டரிடம் காட்டி, அவர் ஒரு கடிதம் கொடுத்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விடுங்கள். அங்கே கோழி நோய் கண்டறியும் ஆய்வகம் இருக்கிறது. பேருந்தில் போகாதீர்கள். வழியில் எந்தப் பண்ணையிலும் நிற்காதீர்கள்.

சென்னிமலைத் தோட்டம் | ஞாயிறு, இரவு 8:45

போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்து யாருக்காவது பயன்படும்.

ஊர் டாக்டர் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தார். மச்சான் காரை எடுத்துக்கொண்டு நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். பின்சீட்டில் பிளாஸ்டிக் விரித்து ஒரு பக்கம் தெர்மோகோல் பெட்டி, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு சந்தைப் பெட்டை. பரமத்தி வேலூர் தாண்டும் வரை அது சும்மா இருந்தது, அப்புறம் ஆரம்பித்தது கொறு கொறு. மச்சான் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

செத்ததை அறுத்தார்கள். எனக்குப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது, அந்த டாக்டர் அம்மாதான் "வாங்க, நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டார். கோழிக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருக்கின்றன, உள்ளே ஒன்பது. நல்ல கோழியில் அது பலகாரம் கட்டும் கண்ணாடித் தாள் மாதிரி, எதிரில் விரலைப் பிடித்தால் தெரியுமாம். எங்கள் பெட்டைக்கு அது பால் ஊற்றிய மாதிரி வெளுத்துத் தடித்திருந்தது. உள்ளே மஞ்சளாகப் பன்னீர்க்கட்டி மாதிரி திப்பி. ஈரல் மேலேயும் ஒரு வெள்ளைப் படலம். மைக்கோபிளாஸ்மா வழி திறந்துவிட, பின்னாலேயே ஈ.கோலை புகுந்திருக்கிறது என்றார். இரைப்பைக்கு முன்னால் இருக்கும் சின்ன இரைப்பையைப் பிளந்து, "இங்கே ரத்தப் புள்ளி இருந்தால் ராணிக்கெட் என்று சந்தேகப்படுவோம், இல்லை பாருங்கள்" என்று காட்டினார். அந்த ஒரு நொடியில்தான் எனக்கு மூச்சே வந்தது. ஆனாலும் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுத்து, வைரஸுக்கும் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

சந்தைப் பெட்டைக்கு இறக்கைக்கு அடியில் ரத்தம் எடுத்தார்கள். அதன் தெளிந்த நீரில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, ஊதா நிறத்தில் ஒரு மருந்தில் ஒரு சொட்டு கலந்து தட்டை ஆட்டினார்கள். இரண்டு நிமிஷத்துக்குள் ஊதா நிறம் பால் திரிகிற மாதிரி துணுக்குத் துணுக்காகத் திரிந்தது. பக்கத்தில் நல்ல கோழியின் சொட்டு திரியாமல் அப்படியே இருந்தது. ஐயா சொன்னதுதான். சிஆர்டி.

டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார், 5 நாள். அந்த நாட்களிலும் அதற்கு அப்புறம் அவர் எழுதிக் கொடுத்த தேதி வரைக்கும் முட்டையைத் தின்னவோ விற்கவோ கூடாது. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "குணமாகும், ஆனால் இனி இது சுத்தமான பட்டி இல்லை. வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதா என்று வீட்டில் பேசி முடிவு பண்ணுங்க."

அதுதான் இப்போது கேள்வி.

அந்தியூர் அக்கா | ஞாயிறு, இரவு 9:20

கண்ணு, எங்களுக்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி. நான் எல்லாவற்றையும் கழித்துவிட்டேன். வீட்டுக்கு ஆனதை அறுத்தோம், மீதியைப் புதைத்தோம். அறையைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒன்றரை மாதம் வெயில் படக் காலியாகப் போட்டுவிட்டு, தெரிந்த இடத்தில் குஞ்சாக வாங்கி ஆரம்பித்தேன். இன்றைக்கு இழுப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் என்னுடையது வாங்கின கோழி. உங்களுடையது அமுச்சி வழி வந்தது என்கிறீர்கள். அது போனால் எந்தச் சந்தையிலும் கிடைக்காது. அதை நான் எப்படிச் சொல்ல?

பல்லடம் பிராய்லர் | ஞாயிறு, இரவு 9:52

வியாபாரமாகப் பார்த்தால் அக்கா செய்ததுதான் சரி.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | திங்கள், காலை 6:05

இரண்டுக்கும் வழி உண்டு. இந்தக் கிருமி கோழி உடம்புக்கு வெளியே சில நாளுக்கு மேல் தாங்காது. உலர்ந்து காய்வதும் வெயிலும் அதற்கு ஆகாது. ராணிக்கெட் வைரஸ் எச்சத்தில் கிடந்து உயிர் வாழ்வதைப் போல இது வாழாது. ஆகவே அறையைப் பற்றிப் பயம் வேண்டாம், கோழிதான் அதன் வீடு.

வைத்துக்கொள்வதானால் பட்டியை மூடிவிடுங்கள். உள்ளேயும் ஒன்றும் வரக் கூடாது, உயிரோடு வெளியேயும் ஒன்றும் போகக் கூடாது. கறிக்கு வீட்டிலேயே அறுத்துக்கொள்ளுங்கள். வழி காப்பாற்ற வேண்டும் என்றால், ஒரு தடவைகூட இழுப்புச் சத்தம் வராத பெட்டைகளுக்கு ரத்தம் பார்த்து, திரியாததை மட்டும் தோட்டத்தின் வேறு மூலையில் பிரித்து அடை வையுங்கள். அந்தக் குஞ்சுக்கும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் பாருங்கள். மெதுவான வேலை. பொறுமை இருந்தால் வழி தப்பிக்கும்.

மருந்துத் தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? கிண்ணத்தில் மருந்து கலந்து வைப்பீர்கள். கோழி போய்த் துவைக்கும் கல்லடியிலும் மாட்டுத் தொட்டியடியிலும் குடித்துவிட்டு வரும். 5 நாளும் வெளியே விடாமல் அடைத்து வைத்து, வேறு தண்ணீரே கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தினம் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். இரண்டாம் நாளே சத்தம் குறைந்தது என்று நிறுத்தக் கூடாது.

கோவை மாடிவீடு | திங்கள், காலை 10:14

ஐயா, என் ஆறுக்கும் ராணிக்கெட் ஊசி போட்டதே இல்லை. இப்போது போடலாமா? சென்னிமலைக்காரரும் சேர்த்துப் போட்டுவிடலாமே?

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | திங்கள், காலை 10:40

அவர் இப்போது போடக் கூடாது. உயிருள்ள மருந்து அது. மூச்சுக்குழாய் புண்ணாக இருக்கும்போது லசோட்டா என்ற ராணிக்கெட் சொட்டு மருந்தை விட்டால் இழுப்பு இன்னும் கிளம்பும். முழுக்கத் தேறி இரண்டு மூன்று வாரம் போகட்டும்.

உங்களுடையது நல்ல கோழி, தாராளமாகப் போடுங்கள். முறை என்னவென்றால் குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நாலாவது வாரம் வாக்கில் லசோட்டா, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையில் ஆர்2பி ஊசி. வளர்ந்த கோழிக்கு முன்னால் ஒன்றுமே போடவில்லை என்றால் நேராக ஊசிக்குப் போகாமல் லசோட்டாவில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அரசு மருந்தகத்தில் போடுகிறார்கள், எங்கள் பக்கம் சனிக்கிழமை. பிப்ரவரியில் முகாமும் வரும். மருந்தை ஐஸில் வைத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வந்த மருந்து வெறும் தண்ணீர்.

சென்னிமலைத் தோட்டம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 7:10

தாமதத்துக்கு மன்னிக்கணுமுங்க. வைரஸ் சோதனையில் ஒன்றும் இல்லை என்று போன் வந்தது.

இன்னொரு குஞ்சு போனது. ஒரு பக்கம் வீங்கியிருந்த பெட்டைக்குக் கண்ணே மூடிவிட்டது, அதை நாங்களே முடித்துவிட்டோம். அது என் மகள் பெயர் வைத்துக் கூப்பிடும் கோழி. மீதி 28. இழுப்புச் சத்தம் நின்று பத்து நாள் ஆகிறது. ராத்திரி டார்ச் இல்லாமல் போய்க் கதவருகில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வருகிறேன், பழக்கமாகிவிட்டது. முட்டை 6-க்கு வந்துவிட்டது. ஆறில் ஒன்று அந்த நுரைக்கண் சந்தைப் பெட்டையுடையது, ஒரு நாளும் தவறுவதில்லை. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வைத்துக்கொள்வதாக முடிவு. ரத்தம் பார்த்ததில் எங்கள் பழைய பெட்டைகளில் நாலு திரியவில்லை. கிணற்றுமேட்டில் தனிக் கொட்டகை போட்டாயிற்று, மாமனார்தான் மூங்கில் கட்டினார். போன வாரம் பெரியம்மா மகன் வந்து அடைக்குப் பத்து முட்டை கேட்டார். தர முடியாது என்றேன், காரணத்தையும் சொன்னேன். நம்பவில்லை. "பத்து முட்டைக்கு இவ்வளவு கதையா" என்று கேட்டுவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டார்.

அந்தியூர் அக்கா | ஞாயிறு, இரவு 8:02

போகட்டும் கண்ணு. தை பிறந்தால் வருவார்.

பெருவிடைப் பிரியன் | ஞாயிறு, இரவு 11:26

ஐயா, ஒரு கேள்வி. அந்த ரத்தச் சோதனைக்குச் சேவலை உயிரோடு கொண்டு போனால் போதுமா, அறுக்க மாட்டார்களே? நூலான் சேவல் ஒன்றுக்கு இந்தத் தடவை மருந்து கொடுத்தும் நிற்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | திங்கள், காலை 5:45

அறுக்க மாட்டார்கள். இறக்கைக்கு அடியில் ஒரு ஊசி, அவ்வளவுதான். கோழியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள், என்ன மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நூலானை மட்டும் இல்லை, கூட அடைகிற இரண்டு பெட்டையையும் சேர்த்துக் கொண்டு போங்கள்.